பிடிபி-11 வரிசையில் எது வேகம்? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை மாலை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கராஜுக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது இதைத்தான்: “அங்கிள், 11/20-ஐ விட 11/70 எத்தனை மடங்கு வேகம்?”

7.7 மடங்கு என்று சொல்லலாம். 5.4 என்றும் சொல்லலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான் என்றும் சொல்லலாம். மூன்றையும் கணக்குப் போட்டே காட்டிவிட முடியும். என்ன வேலையைக் கொடுத்தோம், பெட்டிக்குள் என்னென்ன பாகங்கள் இருந்தன, எந்தக் கடிகாரத்தை நம்பினோம் என்ற மூன்றையும் சொல்லாமல் வெறும் மடங்கை மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் பழைய இயந்திரங்களின் பக்கம் புதிதாக வருகிறவர்கள் இதை ஒரே மாலையில் தாங்களே செய்து பார்த்துவிடலாம். ஒரு லேப்டாப், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். இவ்வளவுதான் தேவை.

முதலில் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். பிடிபி-11 என்பது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், செய்த மினி கணினி வரிசை. கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்ட் என்ற ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. வரிசையின் முதல் இயந்திரம் 11/20, 1970-இல் வந்தது. 1972-இல் 11/45, 1973-இல் 11/40, 1975-இல் 11/70. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்ததும் இந்த வீட்டில்தான். இந்தக் குடும்பத்தில் முதலில் 11/20-இல் ஓடியது, பிறகு 11/45-இல் சி மொழியில் மறுபடி எழுதப்பட்டது. எல்லாமே 16 பிட் இயந்திரங்கள், எட்டு ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள்ளேயே எண்ணை வைத்துக்கொள்ளும் இடங்கள்), அடிப்படை ஆணைகளும் ஒன்றே. அதனால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட இவ்வளவு வசதியான குடும்பம் வேறு அதிகம் இல்லை. ஒரே நிரலை எல்லாவற்றிலும் ஓட்டலாம்.

ஆனால் மாடல் எண்ணைப் பார்த்து வேகத்தை ஊகிக்காதீர்கள். வந்த ஆண்டைப் பார்த்தும் ஊகிக்காதீர்கள். 11/70 வந்த அதே 1975-இல் எல்எஸ்ஐ-11 வந்தது, 11/03 என்ற பெட்டிக்குள் இருப்பது அதுதான். ஒரு ரெஜிஸ்டரில் இருப்பதை இன்னொன்றுக்கு நகர்த்த 1970-இன் 11/20 எடுத்துக்கொண்டது 2.3 மைக்ரோ விநாடி. ஐந்து ஆண்டு கழித்து வந்த எல்எஸ்ஐ-11 எடுத்துக்கொண்டது 3.5. தம்பி அண்ணனைவிட மெதுவு! முழுச் செயலியையும் சில சில்லுகளுக்குள் அடக்கி, விலையைக் குறைத்து, சின்னப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். வேகத்தை விட்டுக்கொடுத்து விலையைக் குறைத்தார்கள். 1977-இல் வந்த 11/60-ம் அப்படித்தான், இரண்டு ஆண்டு மூத்த 11/70-ஐ எட்டவில்லை.

முதல் வேலை: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

என்னிடம் இரண்டு 11/23 செயலி போர்டுகள் இருக்கின்றன. பழைய பொருளாக வாங்கியவை. இரண்டின் கைப்பிடியிலும் எம்8186 என்ற ஒரே எண். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிட்டே குனிந்து பாருங்கள். நாற்பது கால் வைத்த பெரிய சில்லுகளுக்கான மூன்று சாக்கெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு போர்டில் மூன்றும் நிறைந்திருக்கின்றன: செயலி, நினைவக மேலாண்மை, ஃபுளோட்டிங் பாயிண்ட். இன்னொன்றில் மூன்றாவது சாக்கெட் காலி. கால் நுழையும் துளைகளில் தூசி அடைந்திருக்கிறது, அதில் யாரும் எதையும் எப்போதும் பொருத்தவில்லை என்பது தெரிகிறது. தசமப் புள்ளிக் கணக்கை முதல் போர்டு வன்பொருளிலேயே போட்டுவிடும். இரண்டாவது போர்டில் அதே கணக்கை மென்பொருள் நூலகம் படிப்படியாகப் போட வேண்டும். “11/23-இல் இவ்வளவு நேரம் ஆனது” என்று மட்டும் எழுதினால், இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள்?

அதனால் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் இதற்குத்தான். மாடல், போர்டு எண், நினைவகம் எவ்வளவு, என்ன வகை, பெருக்கல் வகுத்தல் ஆணைகள் உண்டா, ஃபுளோட்டிங் பாயிண்ட் உண்டா, கேஷ் (அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் சின்ன வேக நினைவகம்) உண்டா, எந்த டிஸ்க், எந்த இயங்குதளம். நினைவக வகையைத் தவறாமல் எழுதுங்கள். 11/45 என்ற ஒரே பெயரில் காந்த வளையங்களால் ஆன கோர் நினைவகம், குறைக்கடத்தியால் ஆன மாஸ் நினைவகம், பைபோலார் நினைவகம் என்று மூன்று விதம் உண்டு. கையேட்டில் மின்னும் 0.3 மைக்ரோ விநாடி பைபோலாருக்கு மட்டுமே. அதே செயலியைக் கோரோடு இணைத்தால் ஒவ்வொரு ஆணையையும் எடுத்து வரவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

நிஜ போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு டர்பன் எச்சரிக்கை. கடல் காற்று இங்கே எதையும் விடாது. அளப்பதற்கு முன் போர்டின் விளிம்பில் உள்ள பொன்பூச்சுத் தொடுபுள்ளிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அழுக்குப் பிடித்த தொடுபுள்ளியால் நிரல் நடுவில் நின்றால், குற்றம் நிரலில் என்று நினைத்து ஒரு மாலையே போய்விடும்.

இரண்டாவது வேலை: எமுலேட்டர் எதை அளக்கும், எதை அளக்காது

நிஜ 11/70 யாரிடமும் சும்மா கிடைக்காது. அதனால் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் சிம்ஹெச் என்ற இலவச எமுலேட்டரை லேப்டாப்பில் போட்டுக்கொள்ளுங்கள். டெக்கில் வேலை பார்த்த பாப் சுப்னிக் தொடங்கி வளர்த்த மென்பொருள் இது. அதில் “செட் சிபியூ 11/20” என்று கொடுத்தால் 11/20, “செட் சிபியூ 11/70” என்று கொடுத்தால் 11/70. “ஷோ சிபியூ” என்று கேட்டால் எந்தெந்த வசதிகள் இருக்கின்றன என்று காட்டும். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். தொடக்கத்தில் ஒரே நிரலை எமுலேட்டரில் 11/20 ஆகவும் 11/70 ஆகவும் ஓட்டி, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரம்! எங்கேயோ அமைப்பு தப்பு என்று நினைத்து இரண்டு மூன்று முறை முதலிலிருந்து நிறுவினேன். தப்பு எதுவும் இல்லை. எமுலேட்டர் அந்தந்த மாடலின் நடத்தையைத்தான் காட்டும்: எந்த ஆணை உண்டு, எது கிடையாது, எவ்வளவு நினைவகத்தைத் தொட முடியும் என்பதை. பழைய செயலி ஒரு ஆணைக்கு எத்தனை மைக்ரோ விநாடி எடுத்தது என்பதை அது நடித்துக் காட்டாது. உங்கள் லேப்டாப்பின் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

அப்போது அதனால் என்ன பயன்? ஒரு வேலை முடிய எத்தனை ஆணைகள் ஓடின என்று அது எண்ணிச் சொல்லும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் “ஷோ டைம்” கொடுத்து, இரண்டு எண்ணையும் கழித்துப் பாருங்கள். எண்ணிக்கை எமுலேட்டரிலிருந்து, ஒவ்வோர் ஆணைக்கும் ஆகும் நேரம் டெக்கின் கையேட்டிலிருந்து. இரண்டையும் பெருக்கினால் பழைய இயந்திரத்தின் நேரம் கிடைத்துவிடும். நம் முறை முழுக்க இதுதான்.

மூன்றாவது வேலை: ஒரு சின்ன நிரல்

எல்லா மாடலிலும் இருக்கும் ஆணைகளை மட்டும் பயன்படுத்துங்கள். சுற்றை எண்ணிக் குறைத்துத் தாவும் எஸ்ஓபி என்ற ஆணை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 11/20-இல் அது கிடையாது. கொடுத்தால் தெரியாத ஆணை என்று ஆக்டல் (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 10-ஆம் முகவரிக்குத் தாவிவிடும். பெருக்கல், வகுத்தல் ஆணைகளும் அங்கே இல்லை. அதனால் ஒன்றைக் கழி, பூச்சியம் வரவில்லை என்றால் திரும்பிப் போ என்ற இரண்டு ஆணையில் சுற்றை அமைக்கலாம். எண்கள் எல்லாம் ஆக்டலில்:

1000: 012700
1002: 000144
1004: 005001
1006: 005301
1010: 001376
1012: 005300
1014: 001374
1016: 000000

முதல் இரண்டு சொல் ஆர்0 ரெஜிஸ்டரில் 100 என்ற எண்ணை வைக்கின்றன (ஆக்டல் 144 என்பது நம் 100). அடுத்தது ஆர்1-ஐப் பூச்சியமாக்குகிறது. 1006-இல் ஆர்1-இலிருந்து ஒன்றைக் கழிக்கிறோம், பூச்சியத்திலிருந்து கழித்ததால் அது ஆக்டல் 177777 ஆகிவிடும். மறுபடி பூச்சியத்தைத் தொட 65,536 சுற்று ஆகும். உள்சுற்று முடிந்ததும் ஆர்0-இல் ஒன்று குறையும், மறுபடி உள்ளே. இப்படி நூறு தடவை. கடைசி ஆணை நிறுத்து.

“டெபாசிட்” கட்டளையால் ஒவ்வொரு சொல்லையும் அதனதன் முகவரியில் வையுங்கள், “ரன் 1000” கொடுங்கள். லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். ஓடிய ஆணைகள் மொத்தம் 13,107,403. பென்சிலில் நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள், எண்ணிக்கை சரியாக வந்தால் நிரலைச் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது கையேடு. 11/20-இல் ரெஜிஸ்டரில் ஒன்றைக் கழிக்க 2.3 மைக்ரோ விநாடி, திரும்பித் தாவ 2.6. ஒரு சுற்றுக்கு 4.9. கேஷில் கிடைத்துவிட்டால் 11/70-இல் கழிக்க 0.3, தாவ 0.6. ஒரு சுற்றுக்கு 0.9. மொத்தம் 6,553,600 சுற்று. ஆக 11/20-க்கு 32.1 விநாடி, 11/70-க்கு 5.9 விநாடி. 4.9-ஐ 0.9-ஆல் வகுத்தால் 5.4 மடங்கு.

வெறும் நகர்த்தும் ஆணையை மட்டும் ஒப்பிட்டால் 2.3-க்கு 0.3, அதாவது 7.7 மடங்கு. அதே இரண்டு இயந்திரங்கள்தான். வேலை மாறியது, மடங்கும் மாறிவிட்டது. எங்கள் ஊர்க் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறி ஓடும் ஆண்டின் நேரத்தையும், அங்கிருந்து இங்கே இறங்கி வரும் ஆண்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பேசமாட்டார்கள். ஓடுகிறவர் அவரேதான், சாலையும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஓட்டம் வேறு.

வேகத்தை எண்ணாகப் பார்த்தால் போதாது, உணரவும் வேண்டும் என்பது என் கட்சி. 13,107,403-ஐ 32.1-ஆல் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 4 லட்சத்து 8 ஆயிரம் ஆணைகள். எமுலேட்டரில் “செட் த்ராட்டில் 408கே” என்று கடிவாளம் போட்டுவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். அரை நிமிடம் திரை சும்மா இருக்கும். கராஜில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 11/70-க்குச் சுமார் 2,220கே. அந்த ஆறு விநாடி எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று அப்போதுதான் உறைக்கும்.

கேஷைப் பற்றி ஒரு வார்த்தை

11/70-இன் கணக்கில் “கேஷில் கிடைத்துவிட்டால்” என்று ஒரு நிபந்தனை போட்டேன் அல்லவா? அதன் கேஷ் 2,048 பைட். இன்றைக்கு ஒரு சின்னப் படத்துக்கே காணாது. நம் உள்சுற்றோ நாலே பைட், முதல் சுற்றிலேயே கேஷுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் நம் நிரல் 11/70-க்கு ரொம்பவும் சாதகமான நிரல், அதை நோட்டில் எழுதிவிடுங்கள். நிஜ இயந்திரம் கிடைத்தால் முதலில் 1,000 பைட் பட்டியலை மறுபடி மறுபடி கூட்டுங்கள், பிறகு 16,000 பைட் பட்டியலைக் கூட்டுங்கள். கேஷ் போதாமல் போகும் இடம் நேரத்தில் தெரியும். எழுதும் ஆணைகள் அந்த இயந்திரத்தில் எப்போதும் முதன்மை நினைவகம் வரை போய்த்தான் ஆகும், அதனால் படிப்பதை மட்டும் செய்யும் நிரலையும் எழுதுவதைச் செய்யும் நிரலையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

கடிகாரம்: தென்னாப்பிரிக்காவில் 50, அமெரிக்காவில் 60

நிஜ இயந்திரத்தில் அளக்கிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பிடிபி-11-இல் பலவற்றின் கடிகாரம் சுவர் மின்சாரத்தின் துடிப்பையே எண்ணும். அமெரிக்காவில் விநாடிக்கு 60 துடிப்பு. நம் ஊரில் 50. அமெரிக்காவில் கட்டிய இயங்குதள நாடாவையோ டிஸ்க்கையோ அப்படியே ஏற்றினால், 60 துடிப்பு வந்தால்தான் ஒரு விநாடி என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். இங்கே 60 துடிப்பு வர 1.2 விநாடி ஆகிறது. ஆக ஒரு நிமிட வேலையை 50 விநாடி என்று காட்டும்.

என் 11/23 கையேட்டுக் கணக்கைவிட வேகமாக ஓடுகிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல போர்டு அமைந்துவிட்டது என்று மகிழ்ச்சி வேறு. ஒரு நாள் தேநீர் வைத்துவிட்டு வந்து, சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த அளவெடுப்புக்கும் முன்னால் ஐந்து நிமிடம் இயங்குதளத்தின் நேரத்தையும் கைபேசியின் நேரத்தையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எமுலேட்டரிலும் கடிகாரம் 60-இல்தான் தொடங்கும், 50-க்கு மாற்றும் வசதி இருக்கிறது.

லோட் ஷெடிங் நேரத்தில் ஜெனரேட்டரை வைத்து அளக்காதீர்கள். சின்ன ஜெனரேட்டரின் துடிப்பு சுமைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும், கடிகாரமும் கூடவே ஏறி இறங்கும். கோர் நினைவகம் வைத்த இயந்திரத்துக்கு மின்சாரம் போனாலும் உள்ளே வைத்தது அழியாது என்பது ஒரு ஆறுதல், சின்னஞ்சிறு காந்த வளையங்கள் அப்படியே வைத்திருக்கும். குறைக்கடத்தி நினைவகம் வைத்ததில் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

இரண்டும் ஒன்றாகிவிடும் இடம்

சரி, ஒரே வேகம் என்று எப்படிச் சொல்வது? டிஸ்க்கைச் சேர்த்துப் பாருங்கள். ஆர்கே05 என்ற டிஸ்க் அந்தக் காலத்தில் இந்தக் குடும்பம் முழுக்கப் பழகியது. இரண்டரை மெகாபைட், நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 மில்லி விநாடி, வேண்டிய இடம் ஊசியின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 20. ஊசி நகர்ந்து சரியான தடத்துக்குப் போகச் சராசரியாக 50. ஆக ஒரு தடவை படிக்க 70 மில்லி விநாடி.

ஒரு நிரல் டிஸ்க்கில் அங்கும் இங்குமாக 1,000 தடவை படிக்கிறது, ஒவ்வொரு தடவையும் நம் சுற்றில் உள்ள மாதிரி 1,000 ஆணைகள் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்குக்கே 70 விநாடி போய்விடும். மேலே 11/20-க்கு 2.45 விநாடி, 11/70-க்கு 0.45 விநாடி. 72.45-க்கு 70.45. ஒப்பிட்டால் 1.03 மடங்கு! விலை உயர்ந்த செயலி வேகமாக வேலையை முடித்துவிட்டு ஊசி வரும்வரை காத்திருக்கிறது. விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்பில் அறிக்கை அச்சிடும் வேலையாக இருந்தால் அந்த மூன்று சதவீதமும் மிஞ்சாது.

11/70-ஐக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் உண்மையான பலம் வேறு இடத்திலும் இருக்கிறது. 22 பிட் முகவரியால் நாலு மெகாபைட் வரை நினைவகத்தைக் கையாளும், பெரிய டிஸ்க்குகளுக்குத் தனிப் பாதை உண்டு. பலர் ஒரே சமயம் வேலை செய்யும்போது ஒருவருடைய நிரலை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு இன்னொருவருடையதை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசியம் குறையும். அந்தப் பலத்தைத் தனி ஆணையின் மைக்ரோ விநாடியில் பார்க்க முடியாது. இரண்டு பேர், எட்டு பேர், இருபது பேர் என்று வேலையைக் கூட்டிக்கொண்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தலைமுறையான வேக்ஸ் வரிசைக்குப் போகிறவர்களுக்கும் இதே முறைதான், ஒரு எச்சரிக்கையோடு. அங்கே வேக்ஸ்-11/780-ஐ 1 மிப்ஸ் என்று வைத்து மற்றவற்றை அளப்பார்கள். மிப்ஸ் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் ஆணை. ஆனால் 780 உண்மையில் ஓட்டியது அதில் பாதியளவுதான்: ஒரு துடிப்புக்கு 200 நானோ விநாடி, ஒரு ஆணைக்குச் சராசரியாகப் பத்துத் துடிப்புக்கு மேல் என்று 1984-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த 1 ஒரு அளவுகோலின் பெயர், எண்ணிக்கை இல்லை. ட்ரைஸ்டோன் சோதனையில் 780 பெற்ற 1,757-ஐ 1 என்று வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். போன சனிக்கிழமை வகுப்பில் இருப்பதிலேயே சின்னவள் எழுதிய வரியை அப்படியே தருகிறேன், இந்த மாதிரி எழுதினால் போதும்: “11/23, எம்8186, மூன்றாவது சாக்கெட் காலி, கடிகாரம் 50, கைபேசியோடு ஒத்துப் பார்த்தது, நூறு சுற்று நிரல், மூன்று தடவை ஓட்டியது, மூன்று நேரமும் கீழே.”